செம்மரத்தின் விலை

திருத்தணிகை மலையின் 365 படிகளையும் ஏறிச் சந்நிதியைச் சேவித்தபின், வடக்கு முகமாக நிற்பவர் கண்ணுக்குத் தெரிகிற நகரிக் குன்றுகள் ஆந்திர நாட்டைச் சேர்ந்தவை. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணித் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபோது எல்லைக்கோடு ஊருக்கு அப்பால் தள்ளிப்போயிற்றே தவிர, ஜனங்களின் பாஷையும் உறவும் பிழைப்பும் அந்தக் கோட்டை அன்றும் மதிக்கவில்லை, இன்றும் மதிக்கவில்லை. கோட்டுக்கு அப்பால், சேஷாசலம் முதலிய மலைகளில் விளையும் செம்மரத்தைக் காப்பது பற்றிய தர்மசங்கடமே இங்கே ஆராயத்தக்கது.

கொலுப்படியில் ஜோடியாக நிற்கும் மரப்பாச்சி இந்த மரத்தில் கடைந்ததுதான். பல் முளைக்கும் குழந்தை அதைக் கடித்தால் பாட்டிமார் தடுப்பதில்லை. கல்லில் இழைத்துப் பூசுவதும் உண்டு. நீரில் போட்டால் அமிழ்ந்துவிடும் அந்தக் கட்டையில் வைரம் பாயப் பல பத்தாண்டுகள் வேண்டும்; வெட்டிச் சாய்க்கவோ ஒரு நாழிகை போதும். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதியிலன்றி உலகில் வேறெங்கும் அது இயற்கையாக விளைவதில்லையாதலால், இங்கே அழிந்தால் எங்கும் அழிந்ததாகும். சைட்டிஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கை 1995 முதல் அதன் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தி வருகிறது. ஆகவே, காட்டைக் காக்கக் கடுமையான சட்டமும் காவலும் வேண்டுமென்று குரல் கொடுப்போரின் வாதம் நியாயமானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் கடுமை என்பது யார் தலையில் போய் விழுகிறது? 2015 ஏப்ரல் 7 அன்று, சந்திரகிரிக்கு அருகே சேஷாசலக் காட்டில், கடத்தல் தடுப்புப் படையினரின் துப்பாக்கிக்கு இருபது தமிழ்க் கூலிகள் இரையாயினர். தற்காப்புக்காகவே சுட்டதாகப் போலீசார் கூறினர்; வழியில் பஸ்ஸை மறித்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்று தப்பியோர் சாட்சி சொன்னார்கள். இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற ஏழைகள். ஜவ்வாது மலையில் மழையை நம்பிச் சாமை விதைப்போரும், முன்பணம் நீட்டிய தரகனை நம்பிப் புறப்பட்டோரும் செம்மரம் வெட்டும் தொழிலுக்குப் போகிறவர்களில் உண்டு. ஏழ்மை ஒரு காரணமாகலாமேயன்றி, பொதுச்சொத்தை வெட்டுவதற்கு உரிமையாகாது. அதை மறைப்பது அவர்களுக்கே செய்யும் அவமதிப்பு. எனினும் கோடரி பிடித்த கைக்கு விசாரணையின்றி மரணமென்பதை எந்த வனச்சட்டமும் விதிக்கவில்லை. மேடையில் நின்று கடுமையைக் கேட்டவர்கள் அதன் பலனைக் கண்டபோது வாய்மூடி இருப்பார்களேயானால், அவர்களுடைய விருக்ஷப் பிரேமையில் ஏதோ ஒரு ஊனம் இருக்கத்தான் வேண்டும். (வள்ளியை மணந்த முருகன் வந்தமர்ந்த மலை தணிகை என்பது ஐதிகம், அவளோ தினைப்புனம் காத்த வேடர்குலப் பெண். காட்டுக்குள் நடமாடும் ஏழையெல்லாம் காட்டுக்குப் பகையென்று எண்ணுவோருக்கு இந்தக் கதை சற்று இடைஞ்சலாகத்தான் இருக்கும்.)

கட்டை காட்டிலேயே நின்றுவிடுவதில்லை. லாரி ஏறி, சரக்குப் பெட்டிக்குள் வேறு பண்டத்தின் பெயரில் ஒளிந்து, சென்னைத் துறைமுகத்தில் சில வேளைகளில் பிடிபட்டும் பல வேளைகளில் பிடிபடாமலும் சீனத்துக்குப் போய்ச் சேருகிறது. நாற்காலியும் பீரோவுமாக அதை வாங்கி வைத்துக்கொள்ளும் சீமானை நோக்கி எந்தத் துப்பாக்கியும் நீளுவதில்லை. காட்டுக்காகப் போராடுகிறவர்களின் கோரிக்கை அடிமரத்தோடு முடிந்துவிடாமல், கட்டை போகும் வழியெல்லாம் அதைத் தொடர்ந்து போயிருந்தால், மலையில் நின்ற கூலிக்கும் துறைமுகத்துக்கு அப்பால் நின்ற தனவந்தனுக்கும் ஒரே தராசு கிடைத்திருக்கும்.

பிடிபட்ட கட்டைகளின் கதை வேறு. அவை அரசாங்கக் கிடங்கில் தரம் பிரிக்கப்பட்டு, எண் எழுதப்பட்டு, ஏலத்துக்கு வருகின்றன. அந்த இருபது பேர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஆந்திர அரசாங்கம் அப்படிப்பட்ட கட்டைகளை ஏலமிட்டது. கேட்டு எடுத்தவர்களில் அயல்நாட்டாரும் இருந்தனர்.