நீர்மேல் இல்லறம்

வீட்டில் எந்தச் சுபகாரியம் தொடங்கினாலும் புரோகிதர் முதலில் சங்கற்பம் சொல்விக்கிறார். காலத்தையும் தேசத்தையும் பெயரிட்டுக் கூறி, இன்ன நாட்டில், இன்ன நதியின் இன்ன கரையில் இருந்துகொண்டு இக்கருமத்தைச் செய்கிறேன் என்று கிருகஸ்தன் தன் வாயாலேயே உறுதி செய்த பிறகுதான், கலசமாயினும் அக்கினியாயினும் அவ்விடத்தில் பிரதிஷ்டை பெறுகிறது. முல்லையாற்றங்கரையில், கண்ணீசுவரமுடையார் கோயிலுக்கும் கௌமாரியம்மன் கோயிலுக்கும் அணித்தாகக் குடியிருக்கும் வீரபாண்டிக்காரர்களாகிய எங்களுக்கு இந்தச் சொற்கள் சிரமமின்றி வந்துவிடுகின்றன. ஆனால் இன்று ஒரு கரையிலும் நாளை மற்றொரு கரையிலும் கட்டப்படுகின்ற படகையே வீடாகக் கொண்ட ஒருவன், மனைவி மக்களோடு இல்லறம் நடத்துகிறவன், அந்தச் சங்கற்பத்தில் எந்த இடத்தைச் சொல்லுவான்? இல்லறத்துக்கு நிலம் இன்றியமையாததுதானா, அன்றி நாம் பழக்கத்தால் அப்படி எண்ணிக்கொண்டிருக்கிறோமா?

இந்த வினாவை வெறும் கற்பனை என்று தள்ளிவிட இயலாது. இங்கிலாந்தில், ரயில் வருவதற்கு முன்னர் நிலக்கரி முதலிய சரக்குகளைக் கொண்டுசெல்வதற்காக வெட்டப்பட்ட கால்வாய்களில், ஏறத்தாழ ஏழடியே அகலமுள்ள நீண்ட படகுகளை விலைக்கு வாங்கி, அவற்றிலேயே சமைத்துண்டு உறங்கிப் பிள்ளைகளையும் வளர்த்துவருகின்ற குடும்பங்கள் இன்று பல உண்டு. அவர்களுக்கு உரிமம் வழங்குவதற்கு 1995-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. படகு அபாயமற்றது என்பதற்குச் சான்றிதழ் வேண்டும், இன்ஷூரன்ஸ் வேண்டும், மூன்றாவதாக, படகை நியாயமாகக் கட்டிவைப்பதற்கு ஓர் இடம் காட்ட வேண்டும், அங்ஙனம் காட்ட இயலாதவன் உரிமக் காலம் முழுவதும் மெய்யான எண்ணத்தோடு யாத்திரையிலேயே இருக்க வேண்டும், எந்த ஓரிடத்திலும் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் தங்கலாகாது.

இந்த மூன்றாவது நிபந்தனையைப் படிக்கின்ற இந்தியன் எவனுக்கும், பரிவிராஜகருக்கு நம் தர்மசாஸ்திரங்கள் விதித்த நியமம் நினைவுக்கு வராமற் போகாது. கிராமமாயின் ஓரிரவு, பட்டணமாயின் ஐந்து இரவுகள், அதற்குமேல் ஒரு சந்நியாசி தங்கினால் அவ்விடத்து மனிதரும் மரநிழலும் அவனுக்குத் தன்னுடையன ஆகிவிடும் என்ற அச்சத்தால் ஏற்பட்ட விதி அது. மழைக்காலத்தில் மட்டும், வழிநடைக்கு இடையூறு என்பதாலும், முளைத்தெழும் சிற்றுயிர்கள் மிதியுண்ணுமே என்ற கருணையாலும், சாதுர்மாஸ்யமென்று ஓரிடத்தில் தங்கிக்கொள்ள அனுமதித்தார்கள். ஆங்கிலேயர் சட்டத்திலும் இத்தகைய விலக்கு ஒன்று இருப்பது வியப்புக்குரியது: சூழ்நிலையை நோக்க நியாயமெனத் தோன்றினால் 14 நாட்களுக்கு மேலும் தங்கலாம் என்கிறது அச்சட்டம், கால்வாய் பனியால் உறைந்துபோவதும் படகோட்டி நோயுற்றுக் கிடப்பதும் அவர்களுடைய சாதுர்மாஸ்யம் போலும்! ஆயினும் பேதம் ஒன்று உண்டு. நம் சாஸ்திரம் மனைவி மக்களையும் அக்கினியையும் துறந்தவனுக்கு விதித்ததை, அவர்கள் சட்டம் மனைவி, மக்கள், அடுப்பு, தபாற்காரர் எதிர்பார்க்கும் விலாசம் ஆகிய அனைத்தும் தேவைப்படுகின்ற கிருகஸ்தன் தலையில் சுமத்திவிட்டது. பிள்ளையின் பள்ளிக்கூடம் 14 நாட்களுக்கு ஒருமுறை நகர்ந்துகொடுப்பதில்லை. அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையும் நகர்வதில்லை. ஆகையால் பலர் சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றும் பொருட்டுச் சில மைல் தூரத்துக்குள்ளேயே முன்னும் பின்னுமாகப் படகை நகர்த்திக்கொண்டு காலங்கழித்தார்கள். அத்தகைய ஒரு வழக்கு 2011-இல் பிரிஸ்டல் நகரத்து நீதிமன்றத்துக்கு வந்தபோது, இவ்வாறு நகர்ந்துகொண்டிருப்பது மெய்யான யாத்திரை ஆகாது என்று தீர்ப்பாயிற்று.

நகர்ந்தானா என்று பார்ப்பதோடு அந்த நீதிமன்றம் நிற்கவில்லை. எதற்காக நகர்ந்தான் என்றும் பார்த்தது. மனத்தினுள் இருப்பதை அளக்கும் கோல் எந்த நீதிபதியிடத்திலும் இல்லையென்பது வெளிப்படை. எனினும் மனத்தை விட்டுவிட்டு மைலை மட்டும் எண்ணினால் விதி கேலிக்குரியதாகிவிடும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். துறவிகளைப் பற்றி நம் பெரியோர் பன்னெடுங்காலம் வாதித்த வாதமும் இதுவே அன்றோ? ஊர் ஊராகத் திரிந்தும் தன் கமண்டலத்தின்மேல் உயிரை வைத்திருக்கும் சந்நியாசி ஒருபுறம்; மிதிலை பற்றியெரிந்த போதும் தனக்குரியது எதுவும் எரியவில்லை என்று கூறிய ஜனகன் மற்றொருபுறம். ஜனகன் கதையை அளவுக்கு மீறி மேற்கோள் காட்டி, மாளிகைவாசிகள் பலர் தம்மைத் தாமே ராஜரிஷிகளாக்கிக்கொண்டு விட்டதனால், அக்கதையில் எனக்கு வரவர ருசி குறைந்துவருகிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உடைமை என்பது உள்ளத்தில் தோன்றும் ஒரு பற்று மட்டுமே என்று கொண்டு, அதனைத் துறப்பதா தாங்குவதா என்று வாதிப்பவர்கள், உடைமையின் மற்றொரு முகத்தைக் காணத் தவறுகிறார்கள். அது உழைப்பு. நிலத்தில் நிற்கும் வீட்டை உடையவன், அதனைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்ப் பத்தாண்டு திரும்பாமலிருந்தாலும் பட்டா அவன் பெயரிலேயே இருக்கும். ஓடு சரிந்து, சுவரில் அரசங்கன்று முளைத்தாலும், அவன் சொந்தக்காரன் அல்லன் என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு வராது. படகு இந்தச் சலுகையைத் தருவதில்லை. இரும்பால் செய்த படகை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தண்ணீரினின்றும் கரையேற்றி, அடிப்பாகத்தின் துருவைச் சுரண்டிக் கரும்பூச்சுப் பூச வேண்டும். அடித்தட்டில் ஊறும் நீரை இறைக்க வேண்டும். கழிவுத் தொட்டியைக் குறித்த இடத்திலன்றி வேறெங்கும் காலி செய்யக்கூடாது. குளிருக்காக மூட்டிய கரியடுப்பின் புகைக்குழாயில் பழுதிருந்தால் மணமும் நிறமும் இல்லாத நஞ்சு உறங்குகிறவர்களை உறக்கத்திலேயே கொன்றுவிடும். அபாயமின்மைச் சான்றிதழுக்கும் நான்கு ஆண்டுகளே ஆயுள். கேரளத்துக் கெட்டுவள்ளத்தின் கதையும் இதுதான். முற்காலத்தில் குட்டநாட்டு நெல்லைச் சுமந்து சென்று, இப்போது ஆலப்புழையில் உல்லாசப் பிரயாணிகளைச் சுமக்கின்ற அந்த வள்ளம், அயினிப் பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்படுவது. தையல் தளர்ந்தால் அவிழ்த்து மறுபடி தைக்க வேண்டும், இல்லையேல் ஆறு உள்ளே வந்துவிடும். 1917-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு நம் நாட்டில் 2021-இல் இயற்றிய உள்நாட்டு நீர்க்கலச் சட்டமும், விசைப்படகுகளுக்குப் பரிசோதனை, பதிவு, ஓட்டுநர் தகுதி, இன்ஷூரன்ஸ் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. கவனிப்பு நின்ற நாளே படகில் உடைமையும் மூழ்கத் தொடங்குகிறது.

1937-ஆம் ஆண்டு ஜனவரியில், ஆலயப் பிரவேசப் பிரகடனத்தைக் கொண்டாடத் திருவிதாங்கூருக்கு வந்த காந்தியடிகள், கொல்லம் முதலிய ஊர்களில் ஈசாவாஸ்ய உபநிஷதத்தின் முதல் மந்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பேசினார் என்பது பிரசித்தம். அனைத்தும் ஈசனுடையது, ஆதலால் விட்டுவிட்டு அனுபவி, பிறர் பொருளை விரும்பாதே என்பது அதன் திரண்ட கருத்து. அவர் சொல்லிவந்த தர்மகர்த்தாத் தத்துவத்துக்கும் இதுவே வேர். கெட்டுவள்ளங்கள் நெல் சுமந்து போய்க்கொண்டிருந்த காயல்களுக்கு அருகிலேயே அந்தப் பேச்சு நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது எனக்கு ஒரு திருப்தி உண்டாகிறது. அம்மந்திரத்தின் விட்டுவிடுதல் என்பது கைகழுவிவிடுதல் அன்று. தன்னுடையதல்லாத பொருளைத் தன்னுடையதைக் காட்டிலும் விழிப்போடு காப்பதே அது என்பதைப் படகுக்காரன் எவனும் உடனே ஒப்புக்கொள்வான். உறங்கும் தர்மகர்த்தாவின் கோயில் சில காலம் நிற்கலாம். உறங்கும் படகுக்காரனுக்கு அந்த அவகாசம் இல்லை.

இவ்வளவும் விரும்பிப் படகில் ஏறியவர்களைப் பற்றியது. விரும்பாமல் ஏறியவர்களை விட்டுவிட்டுத் தத்துவம் பேசுவது தகாது. 1806-இல் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கி, பின்னர் வடக்கே பெத்த கஞ்சாம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீட்டப்பெற்று, தாதுவருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்களால் நகரத்துக்குள்ளே இணைக்கப்பட்டு, 1878-இல் கவர்னர் பெயரைச் சூடிக்கொண்ட பக்கிங்காம் கால்வாயில், விறகும் உப்பும் நிறைந்த படகுகளைக் கரையில் நடந்து கயிற்றால் இழுத்துச் சென்றவர்கள் மனிதர்களே. பாரதிதாசன் தோழர்களுடன் அக்கால்வாய் வழியே மாமல்லபுரம் சென்ற பிரயாணத்தை 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையில் பாடியபோது, இயற்கையின் அழகில் தொடங்கிய அப்பாட்டு, படகு இழுக்கும் ஏழையின் துயரத்தில் வந்து நின்றுவிட்டது. அந்தத் தொழிலாளிக்கும் ஓரிடத்தில் 14 நாள் தங்க வசதியில்லை. அவனைப் பரிவிராஜகன் என்று எந்த சாஸ்திரமும் கொண்டாடவில்லை. அதே கால்வாயை அடுத்திருக்கும் திருவொற்றியூரில் அப்பரடிகள் மனத்தையே தோணியாக உருவகித்துப் பாடினார். அந்தத் தோணியில் நாம் எல்லோரும் ஏறியிருக்கிறோம் என்பது உண்மை. ஆனால் அதை இழுக்கும் கயிறு சிலர் தோளில் மட்டும் பதிவது ஏன் என்ற கேள்விக்கு, நிலையாமையைப் பற்றிய உபதேசம் விடையாகாது. அக்கால்வாய் 2008-இல் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. சென்னையிலோ பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் நடுவிலேயே ஊன்றப்பட்டிருக்கின்றன.

காஷ்மீரத்தில் கதை மாறுகிறது. அயலார் நிலம் வாங்கலாகாது என்றிருந்தமையால்தான் வெள்ளைக்காரர் ஸ்ரீநகரத்து ஏரியில் படகுவீடு அமைத்துக்கொண்டனர் என்பர். நிலம் மறுத்ததை நீர் கொடுத்தது என்று அவர்கள் மகிழ்ந்திருக்கலாம்.

நம் பக்கத்தில், நீர் யாருடையது என்ற கேள்விக்கு விடை இன்னும் சிக்கலானது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்ந்து, சித்திரைத் திருவிழாவில் அக்கினிச் சட்டி எடுப்பவர்கள் நீராடும் வீரபாண்டித் துறையையும் நனைக்கின்ற முல்லையாற்றின் பெரும்பகுதி, 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரிக்கும் ஏற்பட்ட 999 ஆண்டுக் குத்தகைச் சாசனத்தின் பயனாகத் தேக்கடி ஏரியிலிருந்து மலையைக் குடைந்து வருவது. ஏக்கருக்கு 5 ரூபாய் என்றிருந்த வாடகை 1970-இல் 30 ரூபாயாயிற்று. அப்போதே மீன்பிடிக்கும் உரிமையை நாம் விட்டுக்கொடுத்தோம். ஆகவே தேக்கடி ஏரியின் அடிநிலத்துக்கு வாடகை செலுத்துகிறவர்கள் நாம்; தேங்கும் நீரைக் கொள்பவர்களும் நாம்; அதில் நீந்தும் மீனும் மேலே மிதக்கும் உல்லாசப் படகும் கேரளத்தாருடையவை. ஒரே பொருளை மேலும் கீழுமாகப் பிளந்து, ஒவ்வொரு படலத்துக்கும் ஒவ்வோர் உடையவனை வைக்கின்ற இந்த விசித்திரத்தைக் கண்டால், 'எனது' என்ற சொல்லை மாயை என்று சொன்ன வேதாந்திகளே சற்றுத் திகைத்திருப்பார்கள்.

ஆனால் 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் அவ்வேரியில் கேரளச் சுற்றுலாக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்னும் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டபோது, இந்தப் படலங்களெல்லாம் ஒரு கணத்தில் பொருளிழந்தன. கரையிலே விலங்குகளைக் காணும் ஆவலால் பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள் என்று சொல்லப்பட்டது. அது உண்மையாயினும், சாய்ந்தால் கவிழும் படகை நீரில் இறக்கியவர் யார், உயிர்காக்கும் அங்கிகளைப் பயணிகளுக்கு அணிவிக்காமல் புறப்பட அனுமதித்தவர் யார் என்று நாடு கேட்டது. அன்று ஏரியின் அடிநிலம் எவர் குத்தகையில் இருக்கிறதென்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எவரோ, அவரையே உடையவர் என்று தேடினார்கள். இப்போது தேக்கடியில் அங்கியை மாட்டிக்கொள்ளாமல் படகில் அமரவிடுவதில்லை. எம் ஊர்க்காரர்கள் சிலர் புழுக்கம் தாங்காமல் அதனைக் கழற்ற முயன்று, படகு ஊழியரிடம் மலையாளத்தில் வசை வாங்கிக்கொள்வதும் உண்டு; வசை நியாயமானதே.