எக்ஸ் = எக்ஸ் + 1

இந்த வரியைக் கணக்கு வாத்தியாரிடம் எழுதிக் காட்டினால் குறுக்கே சிவப்புக் கோடு விழும். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடுதலாக இருக்க முடியாது. பைத்தான் நிரல்மொழி மறுபேச்சின்றி ஏற்கும்: எக்ஸ் இதுவரை 5 என்றால், இனி 6. பெயர் அதேதான், பொருள் மாறிவிட்டது. ஹாஸ்கெலோ வாத்தியார் கட்சி. அங்கே இப்படி எழுதி எக்ஸின் மதிப்பைக் கேட்டால் விடையே வராது.

எந்த நிரல்மொழி படித்தால் வேலை கிடைக்கும் என்று மாணவர்கள் கேட்கும்போது, அதன் அடியில் ஒரு பழைய தத்துவச் சிக்கல் கிடக்கிறது. மொழி எண்ணத்தை ஏந்தும் பாத்திரமா, எண்ணத்தையே வார்க்கும் அச்சா?

பாத்திரம்தான் என்போருக்குக் கணிதம் சாட்சி சொல்கிறது. 1936-ல் அலோன்சோ சர்ச்சும் ஆலன் டூரிங்கும் கணக்கிடுதல் என்றால் என்ன என்று தனித்தனியே வரையறுத்தார்கள். ஒருவர் லாம்டா குறியீட்டால் எழுதினார். மற்றவர் நாடாவில் ஊரும் கற்பனை எந்திரத்தை வைத்து விளக்கினார். இரண்டின் வல்லமையும் ஒன்றே என்று தெரியவந்தது. இன்றைய பொதுப்பயன் மொழிகளுக்கும் இது பொருந்தும்: ஒன்றில் கணக்கிட முடிவதை இன்னொன்றிலும் கணக்கிடலாம். அப்படியானால் சம்பளம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதாதா?

போதாது என்பவர்களில் முக்கியமானவர் ஜான் பேக்கஸ். 1957-ல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரானின் தந்தை. 1977-ல் டூரிங் விருது பெற்றபோது, ஃபோர்ட்ரான் வழிவந்த மொழிகளையே அவர் கூண்டில் ஏற்றினார். நினைவகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மாற்றி, திரும்ப வைக்கும் எந்திரத்தின் நடை நிரலரின் யோசனைக்கும் தொற்றிவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. எக்ஸ் = எக்ஸ் + 1 அந்த நடையின் ஒரு காலடி.

சந்தையை நம்பி ஆரூடம் பார்ப்பதும் எளிதல்ல. 2020 முடிவில் ஃபிளாஷ் பிளேயருக்கு அடோபி மூடுவிழா நடத்தியது. ஃபிளாஷுக்கான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் மொழியைக் கற்றவர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தோரின் மனுக்கள் குவிந்தபோது, நியூஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி அரசின் பழைய கணினிகளுக்காகக் கோபால் (COBOL) தெரிந்தவர்களைத் தேடினார். அது 1959-ல் உருவாகத் தொடங்கிய மொழி.

முதல் மொழியை வேலைக்காகவே கற்கலாம், வயிற்றுப்பாடு முக்கியம். இரண்டாவது மொழிக்கு அளவுகோல் வேறாக இருக்கட்டும். ஜாவா தெரிந்தவர் சி-ஷார்ப் படித்தால் விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும். யோசனை பழைய தடத்திலேயே ஓடும். ஹாஸ்கெலைத் தொட்டால் முதல் வாரம் ஃபார் லூப்பைத் தேடிக் கை தவிக்கும். அந்தத் தவிப்பு வீண்போவதில்லை: ஹாஸ்கெலுக்கு அடித்தளமான, சர்ச் தாளில் எழுதிய லாம்டா, 2014-ல் ஜாவா 8-க்குள்ளேயே வந்து சேர்ந்தது.