துயருற்றார் கோஷ்டிக்கு முன்னிற்றல்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில் குலசேகராழ்வார் தேவகியாகிறார். ஒன்பதாம் திருமொழியில் தசரதனாகிறார். பெற்ற பிள்ளையின் குழந்தைப் பருவத்தைக் கண்ணால் காணாமல் இழந்தவளின் புலம்பல் ஒன்று. பிள்ளையைக் காட்டுக்குப் போக்கிவிட்டு உயிர் தரியாத தகப்பனின் புலம்பல் மற்றொன்று. இவ்விரண்டிலும் புலம்புகிறவரின் அருகே நின்று ‘அழாதே’ என்று சொல்லும் வேறொரு குரலை ஆழ்வார் உள்ளே விடவில்லை. அவர் நாடாண்டவர்; குடிகளின் குறை கேட்டு மறுமொழி சொல்லிப் பழகியவர். அப்படிப்பட்டவர் தேற்றுகிறவரின் ஆசனத்தை விட்டுத் துயருற்றவர் கிடக்கும் தரையில் வந்து அமர்ந்தார்.

இத்திருமொழிகளை நாம் இங்கு நினைப்பது ஒரு கேள்வியின் பொருட்டு. உற்றாரை இழந்தவர்கள் கூடிப் பேச இடம் தரும் துயர் ஆதரவு மையங்கள் இன்று பல நாடுகளில் உள்ளன. லாபம் கருதாமல், பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்டு நடப்பவை இவை. இத்தகைய கோஷ்டிக்கு முன்னிற்கத் தகுதி எது? தானும் ஒருவரை இழந்திருப்பதா, சாஸ்திரம் அறிந்திருப்பதா, அல்லது வேறொன்றா?

‘நமக்கு இது எதற்கு, நம் ஆசாரமே போதுமே’ என்பார் உளர். பத்து நாளும் உறவினர் வந்து துக்கம் விசாரிக்கின்றனர்; திவ்யப்பிரபந்தம் சேவிக்கப்படுகிறது; பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரம் நடக்கிறது. இவ்வளவும் பெரிய துணை என்பதில் ஐயமில்லை. அதன்பின் வீடு அமைதியாகிவிடுகிறது. மாஸிகத்துக்கு வாத்தியார் வருவார்; துக்கம் கேட்க எவரும் வருவதில்லை. மையத்தின் வேலை அந்த அமைதியில்தான் தொடங்குகிறது.

இதனினும் கனமான ஆக்ஷேபம் ஒன்று உண்டு. ஆத்மா நித்யம், சரீரம் அழியக்கூடியது, சரணமடைந்தவன் ஆசார்யன் திருவடியை அடைந்தான். ஆகையால் அழுவது ஞானக்குறை அன்றோ என்பது. கீதையை நேரே கேட்டவன் அர்ஜுனன். போர் தொடங்குமுன் கேட்டான். பதின்மூன்றாம் நாள் அபிமன்யு மாண்டதை அறிந்தபோது அவன் கதறியதைத் துரோண பர்வம் மறைக்காமல் சொல்கிறது. அறிய வேண்டியதை நீ அறிந்திருக்கிறாய் என்று கண்ணன் அவனுக்கு நினைவூட்டத்தான் செய்கிறான். அவ்வளவில் நில்லாமல், உன் துயரைக் கண்டு உன் சகோதரரும் நண்பரும் வாடி நிற்கின்றனர், அவர்களை இன்சொல்லால் தேற்று என்றும் சொல்கிறான். பிள்ளையை இழந்தவனிடமே மற்றவரைத் தேற்றும் பொறுப்பு வைக்கப்பட்டது. பெருமாளும் அப்படியே. தமக்காக மாண்ட ஜடாயுவைக் கண்டு, பிராட்டியைப் பிரிந்த துயரும் இத்துயருக்கு ஈடாகாது என்று சொல்லி வருந்தினார் என்பது ஆரண்ய காண்டம். ஸர்வஜ்ஞனுக்கு ஞானக்குறை என்று யார் சொல்லத் துணிவர்?

சரமச்லோகம் ‘சோகியாதே’ என்று முடிகிறது. அங்கே விலக்கப்படும் சோகம் உபாயத்தைக் குறித்து வந்த சோகம் என்பதை நம் பூர்வாசார்யர்களின் வியாக்யானங்களைக் கற்றவர் அறிவர். அந்தச் சொல்லை எடுத்து, பிள்ளையை இழந்த ஒரு தாயின் வாயை மூடுவது அர்த்தத்துக்கே பொருந்தாது. சாவு வீட்டு வாசலில் சொல்லப்படும் தத்துவங்களில் பல, கேட்பவரின் துயரைவிடச் சொல்பவரின் சங்கடத்தையே தீர்க்கின்றன என்பது நம் எண்ணம். அழுகை காணப் பொறாமல் உபதேசத்தில் ஒளிந்துகொள்பவர் எவ்வளவு கற்றவராயினும் இக்கோஷ்டிக்கு முன்னிற்க வேண்டாம்.

அப்படியானால் இழந்தவர்தாம் முன்னிற்க வேண்டுமா? இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து மருத்துவமனையில் 1968-இல் சைமன் ஸ்டீஃபன்ஸ் என்ற இளம் பாதிரியார் நோயாளிகளுக்குச் சமயப்பணி செய்து வந்தார். அங்கே இரு குடும்பங்கள் அடுத்தடுத்துத் தம் சிறுவர்களை இழந்தன. தம் படிப்பும் பயிற்சியும் தர முடியாத ஆறுதலை, அவ்விரு பெற்றோரும் சந்தித்தபோது ஒருவருக்கொருவர் தந்துகொண்டதை அவர் கண்டார். அதிலிருந்து 1969-இல் ‘கம்பாஷனேட் ஃபிரண்ட்ஸ்’ என்ற அமைப்பு பிறந்தது. 1972-இல் அமெரிக்காவுக்கும் சென்றது. அங்கே பிள்ளையை இழந்த பெற்றோரே, பிள்ளையை இழந்த பெற்றோருக்கு முன்னிற்கின்றனர். தேற்றும் பணிக்கென்றே நியமிக்கப்பட்ட ஒருவர், தம்மால் ஆகாதது இன்னொருவரால் ஆகிறது என்று கண்டு வழிவிட்டதை நாம் பெரிதாக மதிக்கிறோம். இதற்குப் பத்தாண்டு முன்பே, 1959-இல், ரிச்மண்டில் மார்கரெட் டாரி என்ற அம்மையார் கைம்பெண்களுக்காக ‘க்ரூஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். விவிலியக் கதையில் ஓர் ஏழைக் கைம்பெண்ணிடமிருந்த வற்றாத எண்ணெய்க் கலயத்தை நினைத்து இட்ட பெயர் அது. நம்மவர்க்குத் திரௌபதியின் அக்ஷய பாத்திரம் நினைவுக்கு வரலாம்.

ஆயினும் இழந்திருப்பதே முழுத் தகுதி என்று கொண்டால் வேறொரு கேடு நேரும். இழப்பு ஒரு பதவியாகிவிடும். ‘என் துயருக்கு முன் உன் துயர் எம்மாத்திரம்’ என்னும் அளவுகோல் சொல்லாமலே உள்ளே வந்து அமரும். மகனை இழந்தவர் எதிரே, எண்பது வயதுத் தாயை இழந்தவர் பேசக் கூசுவார். தவிர, உறவல்லாதவரும் துயரில் பங்குகொள்ளலாம் என்பதற்கு நம் குருபரம்பரையிலேயே சான்று உண்டு. மாறனேரி நம்பி ஆளவந்தாரின் சிஷ்யர். தாழ்ந்ததாக எண்ணப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவருக்குப் பெரிய நம்பி சரமகைங்கர்யம் செய்தார். ஊரார் பழித்தனர். எம்பெருமானார் அதுபற்றிக் கேட்க, பெருமாள் ஜடாயுவுக்குச் செய்ததைக் காட்டி, நான் பெருமாளினும் உயர்ந்தவனோ, அவர் ஜடாயுவினும் தாழ்ந்தவரோ என்றார் பெரிய நம்பி. தேவகியின் இழப்பு குலசேகரருக்கு நேர்ந்ததன்று. இருந்தும் அவர் பேசினார்.

முன்னிற்பவரின் வேலை வெளிப்பார்வைக்கு மிகச் சிறியது. வாரத்துக்கொருமுறை கூடத்தைத் திறந்து நாற்காலிகளை வட்டமாக இட வேண்டும். இங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். பேச விரும்பாதவரைப் பேச வைக்கக் கூடாது. ஒருவர் அழுது நிறுத்தும்வரை மற்றவர் அறிவுரையைத் தடுத்து நிறுத்த வேண்டும். இதுவே கடினமானது, ஏனெனில் அறிவுரை அன்பிலிருந்துதான் வருகிறது. எல்லோரும் சென்றபின் தொண்டர்கள் தங்களுக்குள் அமர்ந்து, அன்று கேட்டவற்றால் தங்கள் நெஞ்சில் பட்டதைச் சொல்லிக்கொள்ள நேரம் ஒதுக்க வேண்டும். வாடகை, வரவுசெலவுக் கணக்கு, சாவி யாரிடம், காபிக்குப் பால் யார் வாங்குவது என்பவையும் உண்டு. கோயிலில் திருவலகிடுவதும் கைங்கர்யம் என்றிருக்கும் நமக்கு இவற்றின் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

களை முளைப்பது இங்கேதான். ஊதியம் பெறாத தொண்டருக்குக் கூலி இல்லை என்று நினைக்கிறோம். கூலி உண்டு, பணமாக இல்லாததால் கணக்கில் ஏறுவதில்லை. தான் பிறருக்கு வேண்டப்படுகிறோம் என்னும் இனிமையே அக்கூலி. ‘நீங்கள் இல்லாவிட்டால் நான் என்னவாகியிருப்பேனோ’ என்று ஒருவர் கண்ணீரோடு சொல்லும்போது, சம்பளத்தால் அசையாத நெஞ்சும் அசையும். திருப்பாவை 29-ஆம் பாட்டுக்கு வியாக்யானம் செய்தவர்கள், எம்பெருமானுக்குச் செய்யும் கைங்கர்யத்திலும் அதனால் வரும் ஆனந்தம் தனக்கென்று நினைப்பதைக் களையாகக் காட்டினர். அவனுடைய உகப்பைக் கண்டு உகத்தலே சேஷபூதனுக்கு அடுக்கும் என்றனர். பகவத் விஷயத்திலேயே இவ்வளவு நுண்மையாகப் பார்த்தார்கள் என்றால், துயரத்தால் தளர்ந்து எதிர்த்துப் பேச வலுவில்லாத மனிதரிடம் செய்யும் தொண்டில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்! எம்பெருமான் நம் களையால் குறைபடமாட்டான். இவர்கள் குறைபடுவர். தம்மைத் தேற்றியவரை ஏமாற்றக் கூடாதே என்பதற்காக, ஆறியபின்னும் ஆறாதவராகவே இருந்துவிடுவோர் உண்டு.

இக்களையைக் கண்டுகொள்ள ஓர் இடம் இருக்கிறது. மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்த ஒருவர் ஒரு வாரம் வரவில்லை, மறுவாரமும் வரவில்லை. முன்னிற்பவர் தொலைபேசியில் அழைக்கலாமா? ஒருமுறை அழைக்கத்தான் வேண்டும். அவர் நலமாக உள்ளாரா என்று அறியாமல் விடுவது தருமமன்று. நலமே, பேரனைப் பள்ளியில் விட்டு அழைத்துவர வேண்டியிருக்கிறது, அதனால் வரவில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அடுத்த வாரம் மீண்டும் அழைக்கக் கை நீள்கிறதென்றால், அந்த அழைப்பு யாருக்காக என்பதை முன்னிற்பவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். உடனிருக்கும் தொண்டர்களில் ஒருவர் அதைக் கேட்க உரிமை பெற்றிருந்தால் இன்னும் நல்லது.

தலைமையை விடுவதும் இதில் அடங்கியதே. புறப்பாட்டில் ஸ்ரீபாதம் தாங்குவோர் வீதி முழுவதும் ஒரே தோளில் சுமப்பதில்லை. தோள் மாற்றுவர், ஆளும் மாறுவர். எழுந்தருளியிருப்பவருக்கு அசைவு தெரியாமல் மாறுவதில்தான் அவர்களின் திறமை இருக்கிறது. தொடங்கியவரே கடைசிவரை தலைவர் என்றிருக்கும் மையத்தில், அவர் நோயுற்ற நாளில் கூடம் பூட்டியே கிடக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை பொறுப்பு கைமாறும் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது அபிமானத்துக்கும் நல்ல மருந்து.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் 1982-இல் பெவர்லி சாப்பல் என்ற செவிலியர், உற்றாரை இழந்த குழந்தைகளுக்காக ‘டகி சென்டர்’ என்ற இல்லத்தைத் தொடங்கினார். மூளைக்கட்டியால் இறந்த ஒரு சிறுவனின் பெயரை அது தாங்கியிருக்கிறது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் அங்கே குழந்தைகளோடு அமர்கின்றனர், விளையாடுகின்றனர், கேட்கின்றனர். இத்தனை வாரம் என்ற கணக்கு அங்கில்லை. வருவது போதும் என்பதை அந்தக் குழந்தையே முடிவு செய்கிறது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்