இறைவன் இல்லையெனினும் செல்லும் சட்டம்

நாடுகளுக்கு மேல் ஆணையிடும் பேரரசர் எவரும் இல்லாத நிலையில், அவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதனால் செல்லுபடியாகிறது என்னும் கேள்வி, பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இறையியல் கேள்வியாகவே எழுந்தது. 1493இல் போப் ஆறாம் அலெக்சாண்டர் புதிய நிலங்களை ஸ்பெயின் அரசர்களுக்கு வழங்கியிருந்தார். உலகம் முழுவதற்கும் போப் உலகியல் தலைவர் அல்லர் என்று திருச்சபைக்குள்ளிருந்தே மறுத்தவர், சலமான்கா பல்கலைக்கழகத்தின் டொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா. உடைமையுரிமை சமய நம்பிக்கையிலிருந்து பிறப்பதன்று, இறைச்சாயலாக மனிதரிடம் அமைந்த பகுத்தறிவிலிருந்தே பிறக்கிறது. ஆகவே கிறித்துவை அறியாத அமெரிக்கப் பழங்குடியினர் தம் நிலங்களுக்கு உண்மையான உரிமையாளர்களே என்று அவர் 1539ஆம் ஆண்டு விரிவுரைகளில் நிறுவினார். ஆயினும் பயணம், வணிகம், சமயப் பரப்புரை ஆகியவற்றைத் தடுப்போர்மீது போர் தொடுக்கலாம் என்று அவரே இசைந்ததால், முன்வாயிலில் தடுக்கப்பட்ட படையெடுப்புக்குப் பின்வாயில் திறந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

டச்சு அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் 1609இல் கடல் எல்லோருக்கும் பொது என வாதிட்டபோது, ஜாவாவும் இலங்கையும் தமக்கென அரசர்களை உடையவை, போர்த்துக்கீசியருக்கு உரியவை அல்ல என்று காட்ட விட்டோரியாவையே துணைக்கழைத்தார். 1625இல் வெளியான ‘போர், அமைதி ஆகியவற்றின் சட்டம்’ என்னும் நூலின் முன்னுரையில், இயற்கைச் சட்டம், அதாவது மனித இயல்பிலிருந்தே பகுத்தறிவால் உய்த்துணரப்படும் நெறி, இறைவன் இல்லையென்று ஒப்புக்கொண்டாலும் ஓரளவு செல்லும் என்றார். அவ்வாறு ஒப்புக்கொள்வது பெரும் பாவம் என்றும் உடனே சேர்த்தார். இக்கருத்துக்கு இடைக்கால இறையியலிலேயே முன்னோடிகள் உண்டு. குரோஷியஸும் ஆழ்ந்த கிறித்துவரே. எனவே அவரை இறைமறுப்பின் தொடக்கமாகக் கொள்வது பிழை. 1618இல் தொடங்கிய முப்பதாண்டுப் போரில் இரு தரப்பினரும் தத்தம் கொடிக்கு இறைவனைச் சான்றாக அழைத்த சூழலில், கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் ஒருங்கே ஏற்கத்தக்க அடித்தளத்தை அவர் தேடினார் என்பதே பொருத்தமான விளக்கம்.

சட்ட அறிஞர் எமெர் தெ வத்தேல் நாடுகளின் சட்டம் பற்றி 1758இல் வெளியிட்ட நூலுக்குப் பின் அந்த அடித்தளம் படிப்படியாக அரசுகளின் இசைவுக்கு மாறியது. இசைவே சட்டமானால் யாருடைய இசைவு கணக்கில் வரும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர்கள் ‘நாகரிக நாடுகள்’ என்னும் வேலியை எழுப்பி, விட்டோரியா நம்பிக்கையற்றோருக்கும் வழங்கிய உரிமையைப் பறித்தனர். இஸ்லாமிய உதுமானியப் பேரரசு ஐரோப்பியப் பொதுச் சட்டத்தில் பங்குபெற 1856ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் தனி விதியே தேவைப்பட்டது. ‘நாகரிக நாடுகள்’ என்னும் அத்தொடர், 1945இல் ஏற்கப்பட்ட அனைத்துலக நீதிமன்றச் சட்டவிதியின் 38ஆம் பிரிவில் இன்றும் நீக்கப்படாமல் இருக்கிறது.