நல்லவர்களை மட்டும் தடுக்கும் சுவர்

நிரல் எழுதாதவர்கள் ஜேசன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் போனில் இருக்கும் செயலிகளில் பெரும்பாலானவை சர்வரோடு அந்த வடிவத்தில்தான் பேசிக்கொள்கின்றன. அதை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் டக்ளஸ் கிராக்ஃபோர்டு. அதற்கான தன் நிரலை இலவசமாகவே கொடுத்தார். உரிமத்தில் மட்டும் ஒரு நிபந்தனையைக் கூடுதலாகச் சேர்த்தார்: இதை நன்மைக்குப் பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, தீயவர்களுக்கு எதிரான போர் என்று அமெரிக்க அதிபர் பேசிக்கொண்டிருந்த காலம். நம்மால் ஆனதை நாமும் செய்வோமே என்று பாதி விளையாட்டாகச் சேர்த்தது அது.

இதில் யார் குறை காண முடியும்? கண்டார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதைக் கட்டற்ற உரிமமாக ஏற்கவில்லை. டெபியன் ஏற்கவில்லை. 2015இல் வந்த பிஎச்பி 7, ஜேசனுக்கான தன் பழைய பகுதியைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதப்பட்ட ஒன்றை மாட்டிக்கொண்டது. 2016இல் அப்பாச்சி அறக்கட்டளையும் கதவைச் சாத்தியது. எது நன்மை, எது தீமை, அதை யார் தீர்ப்பது என்பதுதான் கேள்வி. ஐபிஎம்மிலிருந்து அனுமதி கேட்டார்கள், தீமை செய்துகொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டேன் என்று கிராக்ஃபோர்டே ஓர் உரையில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்.

சிரித்து முடித்தபின் யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. இந்த வரி யாரைத் தடுத்தது? தீமை செய்யக் கிளம்பியவன் உரிமத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்க மாட்டான். சம்பளம் இல்லாமல் ராத்திரி கண் விழித்து டெபியனுக்கு பேக்கேஜ் கட்டுகிற தன்னார்வலர்தான் நின்றார். ஏனென்றால் அவர்தான் அடுத்தவர் எழுதிய நிபந்தனையை மதிக்கிறவர்.

ஓப்பன் சோர்ஸ் உரிமங்களுக்குள் வரும் பொருந்தாமை எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991இல் வந்தது. என் நிரலை எடுத்துக்கொள், மாற்று, விற்கக்கூடச் செய். ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூல நிரலோடு இதே உரிமைகளையும் கொடு, புதிதாக எந்தக் கட்டுப்பாடும் சேர்க்காதே என்கிறது அது. இந்தக் கடைசி நிபந்தனைக்கு நல்ல கட்டுப்பாடு, கெட்ட கட்டுப்பாடு என்ற பேதம் கிடையாது. பழைய பி.எஸ்.டி. உரிமம் ஒரு நன்றிக் கடனைக் கேட்டது: இந்த மென்பொருளைக் குறிப்பிட்டு விளம்பரம் செய்தால் எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லுங்கள். நியாயமான ஆசைதான். ஆனால் ஜிபிஎல்லோடு சேராது. போதாக்குறைக்கு, பின்னால் வந்த ஒவ்வொருவரும் அதே இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். 1997இல் நெட்பிஎஸ்டியின் ஒரு பதிப்பில் ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிப் பார்த்தபோது இப்படி 75 நன்றிகள் இருந்தன. 1999இல் பெர்க்லி அந்த நிபந்தனையைக் கைவிட்டது.

இதைவிட வலிக்கிற உதாரணம் இசட்எஃப்எஸ். தரவு சிதையாமல் காக்கும் அருமையான கோப்பு முறைமை. சன் நிறுவனம் 2005இல் அதை சிடிடிஎல் என்ற உரிமத்தில் திறந்துவிட்டது. அந்த உரிமமும் பகிரச் சொல்வதுதான்: இந்தக் கோப்புகளை மாற்றினால், மாற்றியதை இதே உரிமத்தில் வெளியிடு. லினக்ஸ் கெர்னலின் ஜிபிஎல்லோ, சேர்ந்து உருவாகும் முழுமையும் என் உரிமத்தில் இருக்கட்டும் என்கிறது. ஒரு வீட்டில் தாலி கட்டுவது விடிவதற்கு முன்; சம்பந்தி வீட்டில் விடிந்த பிறகு. இரண்டு வழக்கத்திலும் தப்பில்லை. ஒரே முகூர்த்தத்தில் இரண்டையும் காப்பாற்ற முடியாது, அவ்வளவுதான்.

2016இல் உபுண்டு 16.04 இரண்டையும் சேர்த்தே வெளியிட்டது. இது உரிம மீறல் என்றது சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி. இல்லை என்றது உபுண்டுவின் கேனானிகல். இந்த வம்பு வேண்டாம் என்பவர்கள் இசட்எஃப்எஸ்ஸின் மூல நிரலை மட்டும் தருகிறார்கள், பயனர் தன் கணினியிலேயே அதைக் கம்பைல் செய்துகொள்கிறார். ஜிபிஎல் உங்கள் வீட்டுக்குள் நீங்கள் செய்வதில் தலையிடாது. சேர்த்ததை அடுத்தவருக்குக் கொடுக்கும்போதுதான் சட்டம் பேசும். பகிர்வதற்காகவே எழுதப்பட்ட இரண்டு உரிமங்கள் சந்திக்கும் இடத்தில், பகிர்வதுதான் தடைபடுகிறது.

அப்போ நிபந்தனையே வேண்டாம், எம்.ஐ.டி. உரிமம் போட்டுவிட்டுப் போகலாமே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. எதுவும் கேட்காமல் கொடுத்தால், வாங்கியவர் தன் பங்குக்குக் கதவைப் பூட்டிக்கொள்ளலாம். ஜிபிஎல் கேட்பதால்தான் எத்தனையோ ரௌட்டர்களின் மூல நிரல் வெளியே வந்திருக்கிறது. அதன் நிபந்தனையைச் சரிபார்க்கவும் முடியும்: மூல நிரலைக் கொடுத்தாயா, இல்லையா? ஆனால் அந்தச் சுவர், பூட்ட நினைப்பவனோடு வேறு விதமாகப் பகிர நினைப்பவனையும் சேர்த்தே தடுக்கிறது. கொள்கைக்கு விலை உண்டு. அந்த விலையை யார் தருகிறார்கள் என்று பார்க்காமல் கொள்கையை மட்டும் பெருமையாகப் பேசுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

காலம் போகப்போக விலை கூடவும் செய்கிறது. 2007இல் ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பு வந்தபோது, இரண்டாம் பதிப்போடு பொருந்தாத அப்பாச்சி 2.0 உரிமம் இதோடு பொருந்தியது. லினக்ஸ் கெர்னல் இரண்டிலேயே நின்றுவிட்டது. லினஸ் டோர்வால்ட்ஸுக்குப் புதிய பதிப்பின் நிபந்தனைகளில் உடன்பாடில்லை. இன்று மாற்ற நினைத்தாலும், ஆயிரக்கணக்கானவர்களின் சம்மதம் வேண்டும். அவர்களில் சிலர் உயிரோடு இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டம் தன் பழைய உரிமத்தை மாற்ற 2017இல் சுமார் 400 பங்களிப்பாளர்களைத் தேடிக் கடிதம் எழுதியது. புதிய உரிமத்தோடு 3.0 பதிப்பு வந்தது 2021இல். வாக்கு என்பது சுலபமாக மாற்ற முடியாததாக இருப்பதால்தான் அதை நம்புகிறோம். அதே காரணத்தால்தான் அதில் மாட்டிக்கொள்கிறோம்.

இது பழைய வக்கீல் சண்டை இல்லை. தான் எழுதிய லைப்ரரி ஏதோ ஒரு கண்காணிப்பு அமைப்புக்குள் ஓடுகிறது என்று தெரிந்தால் ஒருவருக்குத் தூக்கம் வருமா? மனித உரிமையை மீறுபவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும் ஹிப்போக்ரட்டிக் உரிமம் 2019இல் வந்தது இந்தத் தவிப்பிலிருந்துதான். இதை என்னால் கேலி செய்ய முடியாது. பெரிய நிறுவனங்களின் வக்கீல்கள் உரிமத்தைப் படிக்கத்தான் செய்கிறார்கள். ஐபிஎம் அனுமதி கேட்டதே அதற்குச் சாட்சி. ஆகவே அப்படி ஒரு வரி பல்லே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கடிப்பது வழக்குக்குப் பயப்படுகிறவர்களை. ராணுவமும் உளவுத்துறையும் வழக்குக்குப் பயந்தவை அல்ல. அவர்களை எதிர்க்க வேண்டுமென்றால், அந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று எழுந்து நிற்க வேண்டும், சட்டம் கேட்டுப் போராட வேண்டும். உரிமத்தில் ஒரு வரி எழுதிவிட்டு மனசாட்சியைத் தூங்க வைக்க முடியாது.

எந்த உரிமம் போடலாம் என்று யாராவது கேட்டால், உன் நிபந்தனை நல்லதா என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. எல்லோருடைய நிபந்தனையும் நல்லதுதான். முகம் தெரியாத ஒரு தன்னார்வலர் உன் நிரலையும் இன்னொரு நல்லவரின் நிரலையும் சேர்க்க முடியாமல் நின்றால், அவரிடம் இந்த நிபந்தனைக்காக நீங்கள் நிற்பது எனக்குச் சம்மதம் என்று உன்னால் சொல்ல முடியுமா? முடியும் என்றால் தாராளமாகப் போடு. 2022இல் கிராக்ஃபோர்டு ஜேசனுக்கான தன் ஜாவா நிரலைப் பொதுச்சொத்தாக அறிவித்துவிட்டார். நன்மைக்கு மட்டும் என்ற வரி இப்போது அதில் இல்லை.