காவலருக்கும் கணக்கு உண்டு

பள்ளிவாசல் முத்தவல்லி ஆண்டு முடிவில் வரவு செலவை ஜமாஅத்தார் முன் வாசிக்கிறார். ஒருவர் எழுந்து, "இந்தச் செலவுக்கு ரசீது எங்கே?" என்று கேட்டால், நல்ல முத்தவல்லி கோபிப்பதில்லை, ரசீதை எடுத்துக் காட்டுகிறார். கேட்டவர் அவரைத் திருடர் என்று சொல்லவில்லை. அமானத்துக்குக் கணக்கு உண்டு என்பதையே நினைவூட்டினார்.

பணத்துக்கே இப்படியென்றால், ஒரு மனிதரைப் பிடிக்கவும் அடைத்து வைக்கவும் கொடுக்கப்பட்ட அதிகாரத்துக்கு எத்தகைய கணக்கு வேண்டும்! ஆயினும் காவல்துறையிடம் கணக்குக் கேட்டால், "நமக்காகக் கண்விழிப்பவர்களைச் சந்தேகிப்பதா?" என்று சிலர் வருந்துகின்றனர். இவ்வருத்தம் சரிதானா?

கூஃபாவின் ஆளுநராக இருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர். அவர்மீது அவ்வூரார் சிலர் முறையிட்டபோது, கலீஃபா உமர் (ரலி) அவருடைய சிறப்பைக் காட்டி அதைத் தள்ளிவிடவில்லை. அவரைப் பதவியிலிருந்து நீக்கி, அழைத்து விசாரித்தார். பின்னர் ஆளனுப்பி, கூஃபாவின் பள்ளிவாசல்தோறும் மக்களிடம் கேட்கச் செய்தார். மக்கள் புகழ்ந்தே பேசினர். ஒருவர் மட்டுமே பழி கூறினார். திறமைக் குறைவாலோ மோசடியாலோ தாம் ஸஅதை நீக்கவில்லை என்பதை உமர் (ரலி) தம் இறுதி வேளையில் தெளிவுபடுத்திச் சென்றார்கள். விசாரணை குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டுமன்று. நிரபராதியின் மானத்தைக் காப்பதற்கும் அதுவே வழி.

நம் நாட்டிலும் இதைக் கேட்டவர் காவல்துறைக்குப் பகைவரல்லர். காவல்துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற பிரகாஷ் சிங் அவர்கள்தாம் 1996இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் வந்த தீர்ப்பு, காவலர்மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டங்களிலும் ஓய்வு பெற்ற நீதிபதிகளின் தலைமையில் ஆணையம் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2013இல் இயற்றப்பட்ட சட்டமோ மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் மாவட்டத்தில் கலெக்டரையும் அந்த இடத்தில் அமர்த்தியது. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் முத்தவல்லியின் கணக்கை அவர் தம்பியே தணிக்கை செய்தால் ஜமாஅத்தார் மனம் நிறையுமா?

2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தனர். அந்நிலையத்தில் கேமரா இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றாடம் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த நீதித்துறை நடுவர் அறிக்கை தந்தார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும். பதிவுகளை 18 மாதம், இயலாவிடில் ஓராண்டுக்குக் குறையாமல் காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

கேமரா மறந்ததை ஒரு மனிதர் மறக்கவில்லை. அன்றிரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், உடன் பணிபுரிவோருக்கு எதிராக நடுவரிடம் சாட்சி சொன்னார். காக்கி உடையின் கண்ணியத்தை அன்று காத்தவர் அவரே.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். நகை காணாமற் போனால், வேலைக்கு வரும் ஏழைப் பிள்ளையைக் காட்டி, "ரெண்டு தட்டுத் தட்டினால் சொல்லிவிடுவான்" என்று ஸ்டேஷனில் சொல்பவர் நம்மிலேயே இல்லையா? அந்தக் கை காவலருடையதாக இருக்கலாம்; ஏவிய நாவு நம்முடையது. காவலரிடம் கணக்குக் கேட்கும் நாம், இதற்குரிய கணக்கையும் ஒருநாள் கொடுக்க வேண்டும். கிராமன் காத்திபீன் எழுதும் ஏடு தானாக அழிவதில்லை.

அல்லாஹ் நம் நாவையும் கையையும் அநீதியிலிருந்து காப்பானாக! ஆமீன்.