மஹரும் கைக்கூலியும்

பற்று எது, வரவு எது என்பதில் நம் வியாபாரிகள் எவரும் ஏமாறுவதில்லை. நிக்காஹ் என்று வந்துவிட்டால் மட்டும் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. மஹர் ஆண் கொடுக்க வேண்டிய கடன். ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் தங்கள் போர்க் கவசத்தையே மஹராகக் கொடுத்தார்கள். நாமோ அதைத் தஃப்தரில் எழுதி வைத்துவிட்டு, கைக்கூலியை ரொக்கமாக எண்ணி வாங்குகிறோம்.

ஆங்கில நாட்டில் ஜேன் ஆஸ்டின் என்னும் மாது 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்ற நாவலை அன்பர்கள் சிலர் அறிந்திருக்கலாம். ஐந்து பெண்மக்களைப் பெற்ற ஒருவர்; ஆண்மக்கள் இல்லை. ஆகவே அவர் காலத்துக்குப் பின் நிலம் முழுவதும் ஓர் ஆண் உறவினருக்குப் போய்விடும். டார்ஸி என்ற கனவான் அவ்வூருக்கு வந்ததும், குணம் தெரியுமுன்னே ஆண்டு வருமானம் 10,000 பவுன் என்ற செய்தி பரவிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பெண் சார்லட்டுக்கு வயது 27. சொத்துக்கு வரப்போகும் அந்த அசட்டு உறவினரையே அவள் மணந்துகொள்கிறாள். அவளைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் தம் நாவலுக்குக் 'காதலா கடமையா' என்று பெயரிட்டார். சார்லட்டுக்கு அந்த இரண்டுமே வாய்க்கவில்லை. ஒதுங்க ஒரு வீடு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அக்கால ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணின் கைப்பணம் கணவனுடையது. 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்த பிறகே அந்நிலை மாறிற்று. நம் ஷரீஅத்தோ பெண்ணின் உடைமையைத் தொடக்கத்திலிருந்தே அவளுடையதாக வைத்தது. கொடுபடாத மஹரைக் கழித்த பிறகுதான் இறந்தவனின் சொத்தைப் பங்கிடவே முடியும். இத்தனை இருந்தும் நாம் அந்தப் பழைய ஆங்கிலேயரைப் போல மாப்பிள்ளைக்கு விலை வைக்கிறோம்.

"மகளுக்குத்தானே கொடுக்கிறேன்" என்பார் பெண்ணைப் பெற்றவர். நல்லது, அவள் பெயரில் கொடுக்கட்டுமே! கைக்கூலி அவள் கையைத் தொடுவதே இல்லையே.

இதை எழுதுகிறவனும் வாங்கியவன்தான். மாமனார் எண்ணிக் கொடுத்த பணத்தில் கோப்பெங் கடைக்குச் சரக்கு எடுத்தேன். மஹரைக் கொடுக்கப் பல ஆண்டுகள் ஆயின. அவள் கேட்கவில்லை, கேளாத கடனை நானும் மறந்திருந்தேன். கொடுத்த அன்றுதான், என் கைக்கூலிக்காக அவள் வாப்பா நஞ்சையை ஒத்தி வைத்ததையும், அது மீளவே இல்லை என்பதையும் சொன்னாள்.